நரம்பு தூங்குகிறது

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். மூக்கு நுனி வரைக்கும் எனக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. அதற்குக் கீழே, கீழ் உதட்டின் இடது பாதியில்தான் ஒன்றுமே இல்லை. சூடு இல்லை, குளிர் இல்லை, தொட்டால் தொட்டது தெரியாது. பத்தொன்பது வருஷமாக அந்தப் பாதி உதடு என் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதே தவிர, அது என்னுடையது இல்லை.

நான் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் எனக்கு ஞானப்பல் வலித்தது. "நம்ம பொண்ணு, நானே எடுத்துடறேன்" என்று பெரிய டாக்டர் எடுத்தார். அன்றைக்கு இருந்தது தட்டையான ஒரு எக்ஸ்ரே படம்தான். தாடை எலும்புக்குள் ஒரு குழாய் உண்டு, உதட்டுக்குப் போகிற நரம்பு அதற்குள் ஓடுகிறது. அது பல்லின் வேருக்கு முன்னால் போகிறதா, பின்னால் போகிறதா, உரசிக்கொண்டு போகிறதா என்று தட்டைப் படத்தில் தெரியாது. பல் வந்தது, நரம்பு போனது. "நரம்பு தூங்குதும்மா, எழுந்துக்கும்" என்றார். ஒரு வருஷம் காத்திருந்தேன். அது எழவே இல்லை.

சாப்பிடும்போது உதட்டில் ஏதாவது ஒட்டியிருந்தால் எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து தன் உதட்டைத் தொட்டுக் காட்டுவார். நாலு பேர் முன்னால் அவர் அப்படிக் காட்டும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் மேல் தப்பில்லை, ஆனால் அந்த நேரத்தில் எரிந்து விழ வேறு யார் கிடைப்பார்கள்? காபி சுட்டால் கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டதே தெரியும். என் மகள் குழந்தையாக இருந்தபோது இடது பக்கம் முத்தம் கொடுக்க வந்தால் "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று முகத்தைத் திருப்புவேன். அவள் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரிப்பாள்.

இருந்தும் பெரிய டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சத்தியமாக இல்லை. அன்றைக்கு எங்களிடம் வேறு படம் கிடையாது. வேண்டுமென்றா செய்தார்? அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் பத்தொன்பது வருஷம் அவர் பக்கத்தில் நின்றேன்.

"அந்தக் காலம் மாதிரி வராது" என்று யாராவது என்னிடம் ஆரம்பித்தால், அவர்களைப் பிடித்து எங்கள் பழைய இருட்டறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும் போல இருக்கும். ஃபிலிமை மருந்தில் முக்கி முக்கி என் நகமெல்லாம் பழுத்துப்போயிருந்தது. பல் கட்ட அளவெடுக்க வாய் நிறையப் பசையை அப்புவோம். பாதிப் பேர் குமட்டி என் மேலேயே வாந்தி எடுப்பார்கள். "சின்னப் பிள்ளையா நீங்க?" என்று திட்டும் அவர்களுக்கே விழும். இப்போது டார்ச் லைட் அளவுக்கு ஒரு கேமராவைப் பல் மேல் ஓட்டினால் முழு வாயும் திரையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒருவருக்கும் குமட்டவில்லை. அப்படியானால் அத்தனை வருஷம் அத்தனை பேரை எதற்குத் திட்டினோம்?

இதையெல்லாம் கொண்டுவந்தது பெரிய டாக்டரின் மகள். எங்களுக்குச் சின்ன டாக்டர். வாரத்தில் மூன்று நாள் வருவார். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் முப்பரிமாண ஸ்கேன் மெஷினையும் அவர்தான் வாங்கி வைத்தார். தாடையை ஒரு தாங்கியில் வைத்து, ஒரு குச்சியைக் கடித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். மெஷின் தலையைச் சுற்றி ஒரு வட்டம் போடும். பதினைந்து விநாடி, அவ்வளவுதான். அதற்கப்புறம் நரம்பை முன்னாலிருந்து பார்க்கலாம், பின்னாலிருந்து பார்க்கலாம், ரொட்டியை வெட்டுகிற மாதிரி தாடையைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்க்கலாம். முதல் நாள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நான் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன்.

பெரிய டாக்டர் அந்த மெஷினில் தன் கோட்டை மாட்டினார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தினமும் காலையில் வந்ததும் கோட்டைக் கழற்றி அதன் கையில்தான் மாட்டுவார். "நாப்பது வருஷமா என் விரலுக்குத் தெரியாததா இந்தப் பெட்டிக்குத் தெரியப்போகுது?" என்பார். மகளின் பேஷண்டுகள் மட்டும் அதில் போய் நின்றார்கள். அவருடைய பேஷண்டுகளுக்கு அதே தட்டைப் படம். எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை, சம்பளக்காரிக்கு எதற்கு வம்பு என்று இருந்தேன்.

அப்போதுதான் என் தம்பி வந்து சேர்ந்தான்.

அவன் டிரம்பெட் வாசிக்கிறவன். சின்ன வயதில் கையில் கிடைத்ததையெல்லாம் ஊதித் தள்ளியதால் வீட்டில் அவனுக்குப் பீப்பி என்று பெயர். முப்பத்தெட்டு வயதாகி, தலையில் பாதி முடி போய், இன்னும் பீப்பிதான். பதினாறு வருஷமாக ஒரு இசைக்குழுவில் இருக்கிறான். வேறு வேலை எதுவும் தெரியாது. ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் விரலை அடித்துக்கொண்டு வந்து நிற்பான். அவனுக்கு எல்லாமே உதடு. உதட்டை வாத்தியத்தில் வைத்து அதிரவிட வேண்டும், எந்த இடத்தில் எவ்வளவு இறுக்க வேண்டும் என்று உதடுதான் அவனுக்குச் சொல்ல வேண்டும். பாதி உதடு மரத்துப்போனால் காற்று ஓரத்தில் ஒழுகிவிடும். அதோடு அவன் பிழைப்பு முடிந்தது.

அவனுக்கும் அதே பக்கம், அதே பல், என்னுடையது மாதிரியே படுத்துக்கொண்டு முளைத்திருந்தது. ஒரு வயிற்றில் பிறந்தவர்கள், தாடை மட்டும் மாறிவிடுமா? ஒரே வருஷத்தில் மூன்று தடவை ஈறு வீங்கி, வாயைத் திறக்க முடியாமல் கிடந்தான். தட்டைப் படத்தை நான்தான் எடுத்தேன். நரம்புக் குழாயின் இரண்டு கரையும் வெள்ளைக் கோடாகத் தெரியும். பீப்பியின் படத்தில், வேர் அதன் மேல் விழுகிற இடத்தில் கோடு அறுந்திருந்தது. அப்படி அறுந்திருந்தால் நரம்பு வேரோடு ஒட்டி நிற்கலாம்.

"டாக்டர், இவனுக்கு ஸ்கேன் எடுத்துடலாம்" என்றேன்.

"எதுக்கு? அரை மணி நேர வேலை."

"கோடு அறுந்திருக்கு டாக்டர்."

"நீ எப்பலேருந்தும்மா டாக்டரானே?"

பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். பீப்பியைத் தனியாகப் பிடித்தேன். "வெள்ளிக்கிழமை சின்ன டாக்டர் வருவாங்க. அவங்ககிட்ட காட்டிட்டுதான் எதுவும். அதுவரைக்கும் இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதே."

"சரிக்கா, சரிக்கா" என்றான். அவன் இரண்டு தடவை சரி சொன்னால் காதிலேயே வாங்கவில்லை என்று அர்த்தம்.

புதன்கிழமை காலை கருவிகளைச் சூடாக்கிச் சுத்தம் செய்கிற அறையில் இருந்தேன். அடுத்த பேஷண்டுக்கு ஞானப்பல் எடுக்கிற தட்டு வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு முதல் அறைக்குள் நுழைந்தால், நாற்காலியில் பீப்பி. மார்பில் நீலத் துணி. கீழ் உதடு ஒரு பக்கம் தொங்குகிறது. ஊசி போட்டு மரத்தே விட்டது.

"என்னடா இது?"

"டாக்டர்தான்க்கா போன் பண்ணாரு," அவன் குழறினான். "அடுத்த மாசம் வெளியூர் நிகழ்ச்சி. இப்ப எடுத்தாதான் புண்ணு ஆறும்."

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைன்னு எதுக்கு இழுக்கணும்?" பெரிய டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னார். "உன் தம்பின்னா எனக்கும் தம்பி மாதிரிதாம்மா."

எனக்கு உச்சி முதல் பாதம் வரை எரிந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், என் கையாலேயே தட்டை அடுக்க வைத்து, என் தம்பியை உட்கார வைத்திருக்கிறார்.

எங்கள் வேலை ஒரு மாதிரியான வேலை. டாக்டர் பேஷண்டின் வாயிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். கையை மட்டும் என் பக்கம் நீட்டுவார். கத்தியா, குறடா, பஞ்சா என்று அவர் சொல்ல வேண்டியதில்லை, எனக்குத் தெரியும். கை நீளும், கருவி போய் உட்காரும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தக் கை வெறுமனே திரும்பியதில்லை.

கை நீண்டது. நான் ஒன்றும் கொடுக்கவில்லை.

விரலை மடக்கி விரித்தார். நான் அசையவில்லை. "கத்தி" என்றார்.

"ஸ்கேன்" என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "ஊசி போட்டாச்சு. பேஷண்ட் வாயைத் திறந்துட்டு உக்காந்திருக்கான். விளையாடுறியா?"

"பதினஞ்சு விநாடி டாக்டர். பக்கத்து ரூம். உங்க கோட்டை எடுத்தா மெஷின் ரெடி."

"அக்கா, மானத்தை வாங்காதே" என்றான் பீப்பி.

"நீ வாயை மூடு!" என்றேன். பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்து வாயை மூடு என்று சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பெரிய டாக்டர் பொறுமையாகப் பேசுகிற குரலுக்கு வந்தார். எனக்கு அந்தக் குரல்தான் சுத்தமாகப் பிடிக்காது. "இதோ பாரும்மா. எங்கேயோ ஒருத்தருக்கு லேசா மரத்துப்போகும். அதுவும் தானா சரியாயிடும். என் கையில அப்படி எத்தனை பேருக்கு ஆயிருக்கு, சொல்லு பாப்போம்?"

மடக்குவதற்காகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியாது. அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது.

"நாலு பேர்" என்றேன். "நான் சேர்ந்ததுக்கப்புறம் நாலு. என்னையும் சேர்த்தா அஞ்சு."

"எல்லாம் சரியாயிடுச்சுன்னு ஃபைல்ல இருக்கே."

"ஃபைல் எழுதினது யாரு? நான்தானே!"

பல் எடுத்தவர்களுக்கு மறுவாரம் போன் செய்து விசாரிப்பது என் வேலை. ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு லாரி ஓட்டுநர், ஒரு தையல்காரர், ஒரு கல்லூரி மாணவி. "இன்னும் மரத்தே இருக்கு சிஸ்டர்" என்பார்கள். நான் தேன் ஒழுகப் பேசுவேன். "நரம்பு தூங்குதுங்க, எழுந்துக்கும்." பாதி உதடு செத்துப்போனவள், அந்த உதட்டாலேயே சொல்வேன். அந்த மாணவி மட்டும் ஏழு மாதம் விடாமல் போன் செய்தாள். எட்டாம் மாதம் நின்றுவிட்டது. உணர்ச்சி திரும்பிவிட்டது என்று கோப்பில் எழுதி மூடிவைத்தேன். அவள் உதடு எழவில்லை, அவள்தான் அலுத்துப்போய் விட்டுவிட்டாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

தட்டை மேஜையில் டமார் என்று வைத்தேன். பீப்பியின் கையைப் பிடித்து இழுத்தேன். நீலத் துணியோடு என் பின்னால் வந்தான். பக்கத்து அறையில் கோட்டைக் கழற்றி எறிந்தேன், அது எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. அவன் தாடையைத் தாங்கியில் வைத்தேன், குச்சியைக் கடிக்க வைத்தேன். "மூச்சு விடலாம், ஆடக் கூடாது. ஆடினே, கொன்னுடுவேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பொத்தானை அழுத்தினேன். மெஷின் அவன் தலையைச் சுற்றி ஒரு வட்டம் வந்து நின்றது.

திரையில் தாடை வந்தது. எங்கே தட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும், தினமும் சின்ன டாக்டருக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு துண்டாக நகர்த்தினேன். பல்லுக்கு இரண்டு வேர். இரண்டும் கீழே போய் வளைந்து ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. நரம்பு அவற்றுக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் புகுந்து போனது, இரண்டு விரலுக்கு நடுவில் நூலைப் பிடித்த மாதிரி. பல்லைப் பிடுங்கினால் நூலும் கூடவே வரும்.

பெரிய டாக்டர் எப்போது பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை. "திரும்பக் காட்டு" என்றார். காட்டினேன். "இன்னொரு தடவை" என்றார். மூன்றாம் தடவை அவரே சுட்டியை வாங்கி நகர்த்தினார். பழக்கமில்லாத கை, படம் தாண்டித் தாண்டி ஓடியது. கையுறையைக் கழற்றித் தொட்டியில் போட்டார்.

பீப்பிக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை. "மரத்துப்போனா என்னக்கா இப்ப? எப்படியாவது பழகிக்க மாட்டேனா?" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து டிரம்பெட்டின் ஊதுவாயை எடுத்தான். அதை அவன் தூங்கும்போதுகூடக் கீழே வைக்க மாட்டான். உதட்டில் வைத்து ஊதினான். புஸ் என்று காற்று வந்தது. எச்சில் தாடையில் வழிந்தது, வழிகிறது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. மறுபடி வைத்தான். உதட்டின் நடுவை விட்டுக் கன்னத்தோரமாக வைத்திருந்தான். மறுபடி புஸ். அவன் முகம் வெளுத்துவிட்டது.

நான் என் கைக்குட்டையால் அவன் தாடையைத் துடைத்தேன். அவன் என் உதட்டையே பார்த்தான்.

"அக்கா, உனக்கு இப்படியேவா இருக்கு? எப்பவும்?"

பத்தொன்பது வருஷம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவன், இன்றைக்குக் கேட்கிறான். "வேற எப்படிடா இருக்கும், மடையா!" என்று கத்தினேன். கத்திவிட்டு அழுதேன். அவனும் அழுதான். அவனுக்கு மூக்கு ஒழுகுவதையும் நான்தான் துடைக்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை சின்ன டாக்டர் அவனை உட்கார வைத்து, திரையைக் காட்டி விளக்கினார். பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, வேரை நரம்போடு அப்படியே எலும்புக்குள் விட்டுவிடலாம். ஈறு அதன் மேல் மூடிக்கொள்ளும். வேர் பிற்பாடு மேலே நகர்ந்து வந்தால் நரம்பை விட்டு விலகியிருக்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். "அரைகுறையா விட்டுட்ட மாதிரி இருக்கேன்னு நினைக்காதீங்க" என்றார். "இதுதான் உங்க உதட்டுக்கு நல்லது." பீப்பி "சரி" என்றான். ஒரே ஒரு தடவைதான் சொன்னான்.

நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. அவர் கை நீண்டபோதெல்லாம் கருவி போய் உட்கார்ந்தது. அதற்கப்புறம் காத்திருப்பு. ஊசியின் மரப்பு தெளிய மூன்று மணி நேரம், நாலு மணி நேரம் ஆகும். நான் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பஞ்சை நூலாகத் திரித்து அவன் உதட்டில் இழுத்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. மூன்றரை மணி நேரம் தாண்டியதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வந்த பேஷண்டுகள் மேல் எல்லாம் எரிந்து விழுந்தேன். நாலேகால் மணி நேரத்தில் மறுபடி பஞ்சை இழுத்தபோது அவன் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"கூசுதுக்கா."

"எங்கே?"

"இங்கேதான். உதட்டுல. விடு, கூசுது!"

நான் விடவில்லை. இந்த ஓரம், அந்த ஓரம், நடு என்று ஏழெட்டுத் தடவை இழுத்துப் பார்த்தேன். எல்லா இடமும் கூசியது. "ரெண்டு வாரத்துக்கு ஊதினே, தொலைச்சுடுவேன்" என்று மிரட்டி அனுப்பினேன்.

பெரிய டாக்டர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவன் போனதும் உள்ளே வந்தார்.

"இத்தனை வருஷமா என் மேல இவ்வளவு கோவத்தை வச்சுக்கிட்டா கூட நின்னே?"

"இல்ல டாக்டர். புதன்கிழமைலேருந்துதான்."

அவருக்குப் புரியவில்லை.

"எனக்கு எடுத்தப்ப உங்ககிட்ட மெஷின் இல்ல. அதுக்கு யாரைக் கோவிக்கிறது? அவனுக்கு எடுக்க உக்காந்தப்ப பக்கத்து ரூம்ல இருந்துச்சு. இருந்தும் வேண்டாம்னீங்க."

கோப்பு அலமாரிப் பக்கம் போனார். பிறகு, "அந்த நாலு பேர் நம்பர் இருக்கா?" என்றார். "வரச் சொல்லலாம். ஸ்கேன் எடுத்துப் பாக்கலாம். ஏதாவது செய்ய முடியுமான்னு என் பொண்ணு பாக்கட்டும். நீ பேசிடும்மா."

"மாட்டேன்" என்றேன். "நாலு பேருக்கும் நான்தான் பேசினேன். இந்தத் தடவை நீங்க பேசுங்க. தூங்குது, எழுந்துக்கும்னெல்லாம் பூசி மெழுகாம, எங்க தப்புன்னு சொல்லுங்க."

கோப்பிலிருந்து அந்த மாணவியின் நம்பரை எடுத்து நானே அழுத்திக் கொடுத்தேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். மணி அடித்தது. எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. பேசட்டும், வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"பல் டாக்டர் பேசறேம்மா. மூணு வருஷத்துக்கு முன்னாடி உனக்குப் பல் எடுத்தேனே. உதடு இன்னும்…"

மறுமுனையிலிருந்து குரல் வந்தது, நிதானமாக.

"உங்ககிட்ட எனக்குப் பேச ஒண்ணுமில்ல சார். உங்களை நான் ஒரு தடவைதான் பாத்தேன். எழுந்துக்கும் எழுந்துக்கும்னு ஏழு மாசம் சொன்னாங்களே ஒரு சிஸ்டர், அவங்க இருக்காங்களா? அவங்ககிட்ட குடுங்க."

பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கட்டியிருந்த கையை எடுத்துவிட்டுப் போனை வாங்கினேன்.